புல்வெளியை மட்டும் இறக்குமதி செய்தவர்கள்

போன வாரம் எங்கள் கல்லூரியில் ஆண்டு விழா. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் சொன்ன முதல் வாக்கியம்: "உங்கள் கல்லூரி தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்." கைதட்டல். அடுத்து ராமானுஜன் வந்தார். ஏழைப் பையன், கும்பகோணம், நம்ம ஊர் மதிக்கவில்லை, கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி மதித்தது, திறமை இருந்தால் கதவு தானாகத் திறக்கும், ஆகவே மாணவச் செல்வங்களே நன்றாகப் படியுங்கள். மறுபடியும் கைதட்டல். நானும் தட்டினேன். பக்கத்து நாற்காலியில் எச்.ஓ.டி. உட்கார்ந்திருந்தார், வேறு வழியில்லை.

விழா முடிந்து வெளியே வந்தபோது மணி ஆறு இருபது. எங்கள் லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை ஆறரைக்குப் பூட்டிவிடுவார்கள். நூலகம் எட்டு மணி வரை திறந்திருக்கும் (பையன்களுக்கு). புல்வெளியில் குறுக்கே நடந்தால் இரண்டு நிமிடம் மிச்சமாகும். ஆனால் அங்கே ஒரு பலகை நிற்கிறது: 'புல்வெளியில் நடக்காதீர். மீறினால் அபராதம் ரூ.100.' சுற்றிக்கொண்டு ஓடினோம்.

மூச்சு வாங்க ஓடும்போதுதான் எனக்கு உறைத்தது. நிஜ டிரினிட்டியிலும் புல்லில் நடக்கக் கூடாது என்று விதி உண்டு. ஆக, அங்கிருந்து நாம் பிசகாமல் காப்பி அடித்த விஷயம் இது ஒன்றுதான்!

அந்தக் கடுப்பில் எழுதுவது இது. நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், அங்கே கல்லூரி என்றால் என்ன என்பதில் நமக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. நம்ம ஊரில் கல்லூரி பாடம் நடத்தும் இடம்; பல்கலைக்கழகம் பேப்பர் திருத்தி சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் இடம். கேம்பிரிட்ஜில் கணக்கு வேறு. லெக்சர், லேப், பரீட்சை, பட்டம் எல்லாம் பல்கலைக்கழகத்தின் வேலை. மாணவரைச் சேர்த்துக்கொள்வது, தங்க அறை கொடுப்பது, சோறு போடுவது கல்லூரியின் வேலை. அது மட்டுமில்லை. ஒவ்வொரு வாரமும் இரண்டு மூன்று மாணவர்களை ஒரு ஆசிரியர் முன்னால் உட்கார வைத்து, அவர்கள் எழுதிக்கொண்டு வந்ததை வரி வரியாகக் கேள்வி கேட்பதும் கல்லூரியின் வேலைதான். இதற்கு சூப்பர்விஷன் என்று பெயர். இப்படி மொத்தம் 31 கல்லூரிகள். ஒவ்வொன்றுக்கும் சொந்த நிலம், சொந்தச் சட்டதிட்டம், சொந்தச் சமையலறை. தாளாளர் குடும்பம் என்று ஒன்று கிடையாது. அங்கே ஆய்வு செய்து, பாடம் சொல்லி, ஒரே கூடத்தில் சாப்பிடும் 'ஃபெலோ'க்கள்தான் கல்லூரியை நடத்துகிறார்கள். டிரினிட்டியில் 'மாஸ்டர்' என்ற தலைவரை மட்டும் அரசரின் பெயரில் நியமிப்பார்கள்.

ஏன் அப்படி? கல்லூரியைக் கட்டியது எட்டாம் ஹென்றி. ஆமாம், ஆறு கல்யாணம் செய்தவர், அவரேதான். 1317-லும் 1324-லும் தொடங்கிய கிங்ஸ் ஹால், மைக்கேல்ஹவுஸ் என்ற இரண்டு பழைய கல்லூரிகளைச் சேர்த்து 1546 டிசம்பரில் டிரினிட்டியை உண்டாக்கினார். அடுத்த மாதமே செத்தும் போனார். கல்லூரிக்கு எழுதி வைத்த சொத்தில் பெரும்பகுதி, அவர் இழுத்து மூடிய மடாலயங்களின் நிலம். திறமையின் கோயில் என்கிறீர்களே, அதன் மானியம் சாமியார்களிடமிருந்து பிடுங்கியது. பெரிய வாசல் கோபுரத்தில் இன்றும் ஹென்றியின் சிலை இருக்கிறது. செங்கோல் இருக்க வேண்டிய கையில் ஒரு நாற்காலிக் கால் இருக்கும். எந்தக் காலத்திலோ எந்த மாணவனோ செய்த குறும்பு. கல்லூரியும் அதை அப்படியே விட்டுவிட்டது. டிரினிட்டியில் எனக்கு மனதாரப் பிடித்த விஷயங்களில் அது ஒன்று.

சரி, கதவு தானாகத் திறக்கும் என்ற கதைக்கு வருவோம். டிரினிட்டியின் கதவு ஒவ்வொன்றும் எப்படித் திறந்தது என்று வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் கதவு, மதம். 1661-ல் ஐசக் நியூட்டன் டிரினிட்டிக்கு வந்தார். எப்படி வந்தார்? சப்சைசர் என்ற வகையில். அதாவது கட்டணச் சலுகைக்காக, வசதியான மாணவர்களுக்கும் ஃபெலோக்களுக்கும் எடுபிடி வேலை பார்க்கும் மாணவன். 1667-ல் ஃபெலோ ஆனார். அந்தக் கால விதிப்படி ஃபெலோவாக நீடிக்க வேண்டுமென்றால் குறிப்பிட்ட வருடங்களுக்குள் பாதிரியாராகப் பட்டம் ஏற்க வேண்டும். நியூட்டனுக்கு அதில் ஒரு சிக்கல். பிதா, சுதன், பரிசுத்த ஆவி மூவரும் ஒருவரே என்ற கோட்பாட்டில் அவருக்கு நம்பிக்கை போய்விட்டது. கல்லூரியின் பெயரோ 'டிரினிட்டி'. அர்த்தமே அந்தக் கோட்பாடுதான்! வெளியே சொன்னால் வேலை போகும். சொல்லவில்லை. 1675-ல் அரசர் இரண்டாம் சார்லஸ், நியூட்டன் வகித்த கணிதப் பேராசிரியர் பதவிக்கு அந்த விதியிலிருந்து விலக்குக் கொடுத்தார். நியூட்டன் பிழைத்தார். தன் நம்பிக்கையைச் சாகும்வரை ரகசியமாகவே வைத்துக்கொண்டார். இந்தக் கதையில் கல்லூரி திறந்த கதவு எது? எனக்குத் தெரியவில்லை. அரசர் ஜன்னலைத் திறந்தார், அவ்வளவுதான்.

இருநூறு வருடம் கழித்தும் அதே கதை. 1869-ல் கேம்பிரிட்ஜ் கணிதத் தேர்வில் முதல் இடம் பிடித்தவர் நூமா ஹார்ட்டாக். டிரினிட்டி மாணவர், யூதர். முதல் இடம் பிடித்தவருக்கு ஃபெலோஷிப் கிடைப்பது ஏறக்குறைய உறுதி. இவருக்குக் கிடைக்கவில்லை. மதத்தை ஏற்று உறுதிமொழி எடுக்க வேண்டும், அவரால் முடியாது. அவர் சும்மா இருக்கவில்லை. பிரபுக்கள் சபையின் குழு முன்னால் போய் சாட்சி சொன்னார். 1871 ஜூனில் பார்லிமென்ட் சட்டம் போட்டு அந்த மதத் தடையை நீக்கியது. அதே மாதம் ஹார்ட்டாக் அம்மை கண்டு இறந்துபோனார். வயது 25. சட்டம் வந்தது, அவருக்கு நாற்காலி வரவில்லை.

இரண்டாவது கதவு, எங்கள் கதவு. 1890-ல் பிலிப்பா ஃபாசெட் என்ற பெண், நியூன்ஹாம் என்ற பெண்கள் கல்லூரி மாணவி, அதே கணிதத் தேர்வில் முதல் இடம் பிடித்த ஆணைவிட அதிக மதிப்பெண் எடுத்தார். பட்டம்? கிடையாது. பெண்களுக்குப் பரீட்சை உண்டு, பட்டம் இல்லை. 1897-ல் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுப்பு நடந்தபோது, சைக்கிள் ஓட்டும் பெண் பொம்மை ஒன்றைத் தெருவில் தொங்கவிட்டுக் கேலி செய்தது மாணவர் கூட்டம். தீர்மானம் படுதோல்வி. 1921-ல் மறுபடி தோல்வி. அந்த முறை மாணவர்கள் நியூன்ஹாமின் வாசல் கதவையே போய் உடைத்தார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948-ல். நாம் சுதந்திரம் வாங்கி ஒரு வருடம் கழித்து!

அதுவும் பல்கலைக்கழகம்தான் கொடுத்தது. டிரினிட்டி என்ற கல்லூரி இளங்கலையில் பெண்களைச் சேர்த்தது 1978-ல். மற்ற சில ஆண்கள் கல்லூரிகள் 1972-லேயே சேர்த்துவிட்டன. முதல் பெண் மாஸ்டர் வந்தது 2019-ல், கல்லூரி தொடங்கி 473 வருடம் ஆன பிறகு.

வர்ஜினியா உல்ஃப் 1929-ல் எழுதிய 'எ ரூம் ஆஃப் ஒன்ஸ் ஓன்' புத்தகத்தை நம்ம நூலகத்தில் தேடினால் கிடைக்கும். (ஆறரைக்குள் போனால்.) அதில் ஒரு பெண் ஏதோ யோசித்தபடி ஒரு கல்லூரிப் புல்வெளியில் கால் வைக்கிறாள். ஒரு காவலாளி கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்து அவளைப் பாதைக்கு விரட்டுகிறான். புல் ஃபெலோக்களுக்கும் ஸ்காலர்களுக்கும் மட்டும். பிறகு அவள் ஒரு நூலகத்துக்குப் போகிறாள். ஒரு ஃபெலோ கூட வந்தால்தான், அல்லது கடிதம் இருந்தால்தான் பெண்களுக்கு அனுமதி என்று வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். ஊருக்கு அவர் கற்பனைப் பெயர்தான் வைத்திருக்கிறார். ஆனால் அந்தப் பெண் பார்க்க நினைத்த கையெழுத்துப் பிரதிகள் மில்டனுடையதும் தாக்கரேயுடையதும். இரண்டும் இருப்பது டிரினிட்டியின் ரென் நூலகத்தில்.

புல்வெளி, நூலகம், வாசல். நூறு வருடம் ஆகப் போகிறது, எங்களுக்கும் அதே மூன்று.

மூன்றாவது கதவு, நிறம். இங்கேதான் நம்ம சிறப்பு விருந்தினரின் கதாநாயகன் வருகிறார்.

'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று பெயர் எடுத்தது முதலில் எது தெரியுமா? கும்பகோணம் அரசு கல்லூரி! அந்தக் கல்லூரியில்தான் ராமானுஜன் ஸ்காலர்ஷிப்போடு சேர்ந்தார். கணக்கைத் தவிர மற்ற பாடங்களில் கோட்டை விட்டதால் ஸ்காலர்ஷிப்பை இழந்தார். பிறகு சென்னையில் பச்சையப்பன் கல்லூரி, அங்கும் எஃப்.ஏ. பரீட்சையில் தோல்வி. இதைச் சொல்லி "பார், நம்ம ஊர் மதிக்கவில்லை" என்பார்கள். பாதிக் கதை. மீதியையும் கேளுங்கள்.

1912-ல் அவர் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா, சம்பளம் 30 ரூபாய். 1913 ஜனவரியில் டிரினிட்டியில் இருந்த ஹார்டிக்கு அந்தப் புகழ்பெற்ற கடிதம் போகிறது. ஹார்டி அசந்துபோகிறார். அது உண்மை, அந்தப் பெருமை ஹார்டிக்கு உரியது. அதே 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத, இரண்டு முறை ஃபெயிலான இந்த மனிதருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. இங்கிலாந்து போவதற்கு வருடம் 250 பவுண்டு கொடுத்ததும் சென்னைதான். டிரினிட்டி அதன் மேல் சேர்த்தது 60 பவுண்டு. விதியை முதலில் வளைத்தவர்களும் பெரிய செலவை ஏற்றவர்களும் நம்ம ஆட்கள். இதை எந்த ஆண்டு விழாவிலும் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1914 ஏப்ரலில் ராமானுஜன் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் உலகப் போர். டிரினிட்டியின் நெவில்ஸ் கோர்ட் தாழ்வாரத்தில் புத்தகம் வைத்துக்கொண்டு நடந்த இடத்தில், காயம்பட்ட சிப்பாய்களுக்குக் கட்டில் போட்டார்கள். ராமானுஜன் சைவம். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் சாப்பிடவில்லை. அறையிலேயே தானே சமைத்துக்கொண்டார். ஒரு உறைவிடக் கல்லூரியின் உயிரே சேர்ந்து சாப்பிடுவதில் இருக்கிறது என்று அவர்களே பெருமையாகச் சொல்வார்கள். அந்தக் கல்லூரி தன் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் மனிதர், அந்தப் பந்தியில் இல்லை. 1917-ல் உடம்பு கெட்டது. அதே வருடம் அவரை ஃபெலோ ஆக்கலாம் என்று பேச்சு வந்தது. டிரினிட்டி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை.

1918 மே மாதம் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. அதன் பிறகு அக்டோபரில் டிரினிட்டி மறுபடி யோசித்தது. அப்போதும் சுலபமாக நடக்கவில்லை. கறுப்பனை ஃபெலோவாக ஏற்க முடியாது என்று ஒருவர் வெளிப்படையாகவே பேசியதாக, ராமானுஜனுக்காக முன்னின்ற லிட்டில்வுட் பிற்பாடு நினைவுகூர்ந்திருக்கிறார். ராயல் சொசைட்டியே ஏற்றவரை இன்னொரு முறை நிராகரித்தால் மானம் போகும் என்ற நிலைமைதான் வேலை செய்தது. ஆக, ராமானுஜன் ஃபெலோ ஆனார். வருடம் 250 பவுண்டு, ஆறு வருடத்துக்கு, நிபந்தனை இல்லாமல்.

இப்போது அவர் புல்லில் நடக்கலாம். சட்டப்படி உரிமை வந்துவிட்டது. ஆனால் அப்போது அவர் லண்டனில், மருத்துவ விடுதிப் படுக்கையில் இருந்தார். 1919 பிப்ரவரி கடைசியில் கப்பல் ஏறினார். 1920 ஏப்ரல் 26-ல் சென்னையில் இறந்தார். வயது 32. அந்தப் புல்லில் அவர் எத்தனை அடி நடந்திருப்பார்? நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

"அது 1918, அப்போது உலகமே அப்படித்தான்" என்று சொல்வீர்கள். சரி, 1935-க்கு வாருங்கள். சென்னை பிரசிடென்சி கல்லூரியில் படித்த சுப்ரமணியன் சந்திரசேகர் 1930-ல் டிரினிட்டி போனார். 1933-ல் ஃபெலோ, ராமானுஜனுக்குப் பிறகு இரண்டாவது இந்தியர். ஒரு அளவுக்கு மேல் எடையுள்ள நட்சத்திரம் கடைசியில் வெள்ளைக் குள்ளனாக அடங்கி நிற்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். அதே டிரினிட்டியின் இன்னொரு ஃபெலோ எடிங்டன், அந்தக் காலத்து வானியலின் பெரிய தலை. சந்திரசேகரின் வேலை எப்படிப் போகிறது என்று மாதக்கணக்கில் வந்து விசாரித்தவர், ஒரே மேசையில் சாப்பிட்டவர். 1935 ஜனவரி 11, லண்டன் ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் சந்திரசேகர் பேசி முடித்ததும் எடிங்டன் எழுந்து அதை அபத்தம் என்று கிண்டலடித்தார். சபை சிரித்தது. சந்திரசேகர் சொல்வது சரி என்று தனியாகச் சொன்ன பெரிய இயற்பியலாளர்கள் இருந்தார்கள்; பொதுவில் யாரும் எடிங்டனுக்கு எதிராக வாய் திறக்கவில்லை. சந்திரசேகர் 1937-ல் சிகாகோ போனார். 1983-ல் நோபல். இதற்கு நிறம்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் சமம் என்று அர்த்தமில்லை என்பது மட்டும் தெரிகிறது.

இதோடு நிறுத்தினால் நான் சொல்லவந்தது பாதிதான். "அப்ப எல்லாமே டுபாக்கூர், விடு" என்று முடித்துவிடுவது சுலபம். இணையத்தில் அப்படி எழுதுகிறவர்கள் நிறைய. நான் அந்தக் கட்சி இல்லை.

ஏனென்றால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் டிரினிட்டியில் விரிவுரையாளராக இருந்தார். போரை எதிர்த்தவர். 1916-ல் ஒரு துண்டுப் பிரசுரத்துக்காக அவருக்கு 100 பவுண்டு அபராதம் விதித்தது கோர்ட். உடனே கல்லூரிக் குழு அவரை வேலையை விட்டு நீக்கியது. இளைய ஃபெலோக்கள் பலர் போர்முனையில் இருந்தார்கள், முடிவெடுத்தவர்கள் வயதானவர்கள். அசிங்கம்தான். ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். 22 ஃபெலோக்கள் தங்களுக்கு இதில் திருப்தி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். ஹார்டி விடவே இல்லை. கல்லூரியில் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டார். 1919-ல் வெறுத்துப் போய் ஆக்ஸ்போர்டுக்கே போய்விட்டார், அதற்கு இந்தச் சண்டையும் ஒரு காரணம். போரிலிருந்து திரும்பியவர்கள் 1919-ல் மறுபடி கையெழுத்து வாங்கினார்கள். கல்லூரி ரஸ்ஸலைத் திரும்ப அழைத்தது. 1944-ல் அவர் மறுபடி அங்கே ஃபெலோ. ஹார்டி 1931-ல் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, 1942-ல் இந்த முழு விவகாரத்தையும் தன் கல்லூரியின் மானத்தைப் பற்றிக் கவலைப்படாமல் ஒரு சிறு புத்தகமாகவே எழுதி அச்சடித்தார்.

நிர்வாகத்துக்கு எதிராக 22 பேர் வெளிப்படையாகவே கையெழுத்துப் போட்டார்கள். நம்ம ஊரில் ஒரு லெக்சரர் இப்படிச் செய்தால் அடுத்த செமஸ்டர் எங்கே இருப்பார்? நமக்கே தெரியும்.

(ஃபெலோக்கள் ஆள்வதால் மட்டும் எல்லாம் ஒழுங்காகிவிடாது என்பதற்கும் டிரினிட்டியிலேயே உதாரணம் உண்டு. 1700-ல் மாஸ்டராக வந்த ரிச்சர்ட் பென்ட்லி பெரிய மேதை, பெரிய சர்வாதிகாரி. ஃபெலோக்களோடு பல வருடம் கோர்ட்டு கேஸ். 1734-ல் அவரைப் பதவிநீக்கம் செய்து தீர்ப்பே வந்தது. ஆனால் தீர்ப்பை நிறைவேற்ற வேண்டிய துணை மாஸ்டர் அவருடைய நண்பர்! அவர் நிறைவேற்ற மறுத்தார். பென்ட்லி 1742-ல் சாகும்வரை மாஸ்டராகவே இருந்தார். நம்ம ஊர் ஆட்கள் இந்தக் கதையைப் படிக்காமல் இருப்பது நல்லது.)

என் கட்சி இதுதான். டிரினிட்டி எந்தக் கதவையும் தானாகத் திறக்கவில்லை. அரசர், பார்லிமென்ட், ராயல் சொசைட்டி, காலம் என்று யாரோ வெளியிலிருந்து தள்ளினார்கள். உள்ளே ஹார்டி மாதிரி, லிட்டில்வுட் மாதிரி யாரோ ஒருவர் தாழ்ப்பாளை இழுத்தார். ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது நிஜமான ஒன்று. ஒரு அறை. கவலையில்லாத ஆறு வருடம். நினைத்த நேரத்தில் போகக்கூடிய நூலகம். வாரம் ஒரு மணி நேரம் உன் கிறுக்கலை மதித்துப் படிக்கும் ஒரு ஆள். அதற்காகத்தானே எல்லோரும் அந்தக் கதவில் முட்டினார்கள்? வெறும் சுவராக இருந்தால் முட்டியிருக்க மாட்டார்கள்.

ராமானுஜனுக்குக் கிடைத்ததும் அதுதான். ஒரு கிழமைக்குப் பல நாள் ஹார்டியோடு உட்கார்ந்து ஒரு சூத்திரத்தை நிரூபிக்க வேண்டுமா வேண்டாமா என்று சண்டை போடும் வாய்ப்பு. கும்பகோணத்தின் 'கேம்பிரிட்ஜ்' அவருக்குப் பரீட்சையைக் கொடுத்தது. அந்த ஆளைக் கொடுக்கவில்லை. சூப்பர்விஷனுக்கும் நம்ம இன்டர்னல் மார்க்குக்கும் உள்ள வித்தியாசம் இதுவே.

"அதுக்கெல்லாம் பணம் வேணும்மா" என்பார்கள். வேண்டும்தான். டிரினிட்டி பெரும் பணக்காரக் கல்லூரி. 1933-ல் ஃபெலிக்ஸ்டோ என்ற ஊர்ப் பக்கம் நிலம் வாங்கிப் போட்டார்கள், அங்கே பிறகு பிரிட்டனின் மிகப் பெரிய கன்டெய்னர் துறைமுகம் வளர்ந்தது. 1970-ல் அறிவியல் பூங்கா தொடங்கினார்கள். அந்தப் பணம் நம்மிடம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் லேடீஸ் ஹாஸ்டல் கேட்டை எட்டரைக்குப் பூட்ட எத்தனை கோடி வேண்டும்? வாரம் ஒருநாள் ஒரு ஆசிரியர் எங்கள் மெஸ்ஸில் எங்களோடு உட்கார்ந்து அதே சாம்பாரைச் சாப்பிட எந்தத் துறைமுகத்தை வாங்க வேண்டும்? புல் வளர்க்க, வேலி போட, பலகை எழுத, அபராத ரசீது அச்சடிக்க மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?

"பாதுகாப்புக்காகத்தானேம்மா" என்பது அடுத்த பதில். நூலகத்துக்கும் ஹாஸ்டலுக்கும் நடுவில் 300 மீட்டர், முழுக்கக் காம்பவுண்டுக்குள். அந்த 300 மீட்டர் பாதுகாப்பாக இல்லையென்றால் விளக்குப் போடுங்கள், செக்யூரிட்டி போடுங்கள். பூட்ட வேண்டியது எங்களையா? 1897-ல் பொம்மையைத் தொங்கவிட்டவர்களும் எங்கள் நன்மைக்காக என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

1976-ல் ஒரு அமெரிக்கக் கணித அறிஞர், ஜார்ஜ் ஆண்ட்ரூஸ், ரென் நூலகத்தில் பழைய காகிதக் கட்டு ஒன்றைப் பிரித்தபோது, ராமானுஜன் சாவதற்கு முன் எழுதிய நூற்றுக்கும் மேற்பட்ட பக்கங்கள் கிடைத்தன. அவற்றில் இருந்த சூத்திரங்களை வைத்து இன்றுவரை ஆராய்ச்சி நடக்கிறது. ஒரு நூலகம் என்பதன் அர்த்தம் இதுதான்: எதையும் தூக்கிப் போடாமல் வைத்திருப்பது, வருகிறவரை உள்ளே விடுவது. நம்ம நூலகத்தில் என்ன இருக்கிறது என்று எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. நாலே காலுக்கு கிளாஸ் முடிந்து, லேப் ரெக்கார்டு முடித்து, ஆறரைக்குள் எதைத்தான் பிரித்துப் பார்ப்பது?

கடைசியாக ஒன்று. ஃபெலோஷிப் கிடைத்த பிறகு, 1919 ஜனவரியில், ராமானுஜன் சென்னைப் பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு கடிதம் எழுதினார். தனக்குத் தரப்போகும் தொகை தேவைக்கு அதிகம். செலவு போகப் பெற்றோருக்கு வருடம் 50 பவுண்டு கொடுத்தது போக, மீதியை ஏழைப் பிள்ளைகள், அநாதைகள் பள்ளிக் கட்டணத்துக்கும் புத்தகத்துக்கும் செலவு செய்யுங்கள் என்று கேட்டிருந்தார். லண்டனில் படுத்த படுக்கையாக இருந்துகொண்டு எழுதியது. தனக்குத் திறந்த கதவை அடுத்தவர்களுக்காகக் கொஞ்சம் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். சிறப்பு விருந்தினரே, ராமானுஜனைச் சொல்வதானால் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வகுப்பு நண்பர்களுக்கு: நூலகம் மூடும்வரை லேடீஸ் ஹாஸ்டல் கேட் திறந்திருக்க வேண்டும் என்று வார்டனுக்கு ஒரு மனு எழுதியிருக்கிறோம். ஒரே பக்கம், மரியாதையான தமிழ், கோஷம் எதுவும் இல்லை. இதுவரை 43 கையெழுத்து. எல்லாம் பெண்கள். பையன்களே, உங்களுக்கு எட்டு மணி வரை நூலகம் இருக்கிறது, தெரியும். ரஸ்ஸலுக்காகக் கையெழுத்துப் போட்ட 22 பேருக்கும் அவரவர் வேலை பத்திரமாகத்தான் இருந்தது. மனு வியாழக்கிழமை மதியம் வரை என் பையில் இருக்கும். கேன்டீனில் மூன்றாவது மேசை.

பி.கு: புல்லில் குறுக்கே நடந்து வராதீர்கள். நூறு ரூபாய் போய்விடும். சுற்றியே வாருங்கள், காத்திருக்கிறேன்.